கள்ளுக்கடையில் தொடங்கிய விற்பனை வரி

சில மாதங்களுக்கு முன் ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு அக்காவிடம் மூங்கில் கூடை வாங்கினேன். பணம் கொடுக்கப் போனைத் தூக்கியதும் அவர் கையை ஆட்டினார்.

"ஸ்கேன் வேண்டாம் சார், காசா இருந்தா குடுங்க."

"ஏங்க்கா, அட்டை இல்லையா?"

"இருக்குது. உள்ள எடுத்து வச்சுட்டேன். பெங்களூர்ல அதை வச்சுத்தான் எல்லாருக்கும் நோட்டீஸ் வந்துச்சாமே?"

கூடைக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்து மிளகு. அதற்குப் பக்கத்தில் வாங்கி வறுத்து அரைத்த காப்பித்தூள் பாக்கெட்டுகள். கோடை விழா சமயத்தில் ஸ்டால் போடுவாராம். பெங்களூரில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஜிஎஸ்டி சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பழைய சட்டம் எப்படி இருந்தது என்று பின்னால் போகப் போக, நூல் இதே சேலம் மாவட்டத்தில் வந்து நின்றது!

சரி, கதைக்கு வருவோம்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். மாகாண முதல்வருக்கு அப்போது அந்தப் பெயர்தான். அவர் பிறந்த தொரப்பள்ளி அன்றைக்கு சேலம் மாவட்டத்தில் இருந்தது. வக்கீல் தொழில் பார்த்தது சேலத்தில். 1917ல் சேலம் நகராட்சித் தலைவர். 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி கதரையும் மதுவிலக்கையும் இரண்டு கைகளிலும் பிடித்திருந்தவர். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் வந்தது.

ஆட்சிக்கு வந்த கையோடு, 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை அமல்படுத்தினார். மாகாணம் முழுக்க இல்லை. முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும். சேர்வராயன் மலையும் அதற்குள்தான். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரிந்தது.

கடையை மூடுவது ஒரு உத்தரவு. ஆனால் கள், சாராயத்தில் வந்த கலால் பணம் மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? 1935 இந்திய அரசுச் சட்டம், சரக்கு விற்பனை மீது வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. மத்திய மாகாணம் 1938ல் அதைப் பெட்ரோல், மசகு எண்ணெய்க்கு மட்டும் பயன்படுத்திப் பார்த்தது. ராஜாஜி அரசு எல்லாச் சரக்குக்குமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுதான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி. அமலுக்கு வந்த நாள் 1939 அக்டோபர் 1. சேலத்தில் கடை மூடி சரியாக இரண்டு வருஷம்.

சட்டத்தின் கணக்கு எளிமையானது. வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்றால் வரியே இல்லை. அதற்கு மேல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். 20,000ஐத் தாண்டினால் மொத்த விற்பனையில் அரை சதவீதம், அதாவது 100 ரூபாய்க்கு 8 அணா. ஒரே சரக்கு மூன்று வியாபாரிகள் கை மாறினால் மூன்று தடவையும் வரி உண்டு. வியாபாரிகள் எதிர்த்தார்கள். உற்பத்தியாளர் செய்யும் முதல் விற்பனைக்கு மாகாணம் வரி போடலாமா, அது மத்திய அரசின் கலால் இல்லையா என்ற கேள்வி போத்து பைடண்ணா என்ற எண்ணெய் வியாபார நிறுவனத்தின் வழக்காகக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 1942ல் மாகாணம் ஜெயித்தது.

எனக்கு சுவாரஸ்யமாக இருந்தது வரியைவிட விலக்குகள்தான். சட்டம் மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருந்தது.

முதல் கதவு, சிறிய வியாபாரிக்கு. 10,000 ரூபாய் என்றால் நாளுக்குச் சுமார் 27 ரூபாய் விற்பனை. அதற்குக் கீழே இருப்பவர் வெளியே.

இரண்டாவது, விவசாயிக்கு. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்றால் அந்தப் பணம் விற்றுமுதல் கணக்கில் சேராது.

மூன்றாவது, கைத்தறிக்கு. கைத்தறித் துணிக்கு வரி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: விற்பவர் கைத்தறித் துணி மட்டுமே விற்பவராக இருக்க வேண்டும். பக்கத்தில் மில் துணியையும் அடுக்கினால் அந்த விலக்கு போச்சு.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். திரும்ப வரும்.

வரி அமலாகி மாதம் முடிவதற்குள், அக்டோபர் கடைசியில், உலகப்போர் பிரச்சினையில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில், ஆளுநரின் ஆலோசகர்கள் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விற்பனை வரியை யாரும் நிறுத்தவில்லை. எதற்காக வந்ததோ அது போய்விட்டது, வந்தது தங்கிவிட்டது. மதுவிலக்கு 1948ல் மாகாணம் முழுக்க வந்தது, 1971ல் தளர்ந்தது, 1974ல் திரும்பியது, பிறகு மறுபடியும் போனது. வரி 1959ல் புதுச் சட்டமாகி, 2007ல் வாட் ஆகி, 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. ஜிஎஸ்டி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிய பிறகு, மாநிலம் பழைய முறையில் விற்பனை வரி வாங்கும் சரக்குகள் ரொம்பக் குறைவு. ஒன்று பெட்ரோல், டீசல். இன்னொன்று மது! கள்ளுக்கடையை மூடப் பிறந்த வரி, கடைசியில் டாஸ்மாக் பாட்டிலில்தான் தன் பழைய உருவத்தோடு மிச்சமிருக்கிறது.

இப்போது அக்காவின் கடைக்கு வருவோம். மென்பொருள் எழுதுபவன் என்பதால் எனக்கு இது பழகிய காட்சி: புது மொழியில் திரும்ப எழுதிய புரோகிராம், உள்ளே அதே பழைய லாஜிக். 1939ன் மூன்று கதவுகளும் இன்றும் இருக்கின்றன.

சிறிய வியாபாரி: தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருஷம் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. முதலில் 20 லட்சமாக இருந்தது, 2019 ஏப்ரலில் உயர்ந்தது. 365 நாளும் கடை போட்டால்கூட நாளுக்குக் கிட்டத்தட்ட 11,000 ரூபாய். வருஷத்தில் நூறு நாள் மட்டும் ஸ்டால் போடுகிறவர் நாளுக்கு 40,000 விற்றால்தான் அந்தக் கோட்டைத் தொடுவார். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

விவசாயி: தன் நிலத்து விளைச்சலை விற்கும் அளவுக்கு அவருக்குப் பதிவு தேவையில்லை. தோட்டத்து மிளகு இதில் வரும். வறுக்காத காப்பிக்கொட்டைக்கு வரியே கிடையாது. வறுத்து அரைத்துவிட்டால் அது வேறு சரக்கு, 5 சதவீதம்.

கைவேலை: இங்கேதான் சிக்கல். உள்ளூரில் சின்ன வியாபாரியாக இருப்பவர் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் சரக்கோடு போய் விற்றால் அது வெளி மாநிலத்தில் விற்பது. அதற்கு ஒரு ரூபாய் விற்றாலும் பதிவு கட்டாயம் என்பதுதான் பொது விதி. வெளி மாநிலத்தில் தற்காலிகமாகக் கடை போடுபவர் குறைந்தது 5 நாள் முன்பே பதிவு செய்து, வரப்போகும் வரியை மதிப்பிட்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தப் பதிவு 90 நாள் செல்லும். கண்காட்சிக்குக் கண்காட்சி ஓடும் கைவினைஞர் இதை எப்படிச் செய்வார்? சட்டம் வந்து இரண்டரை மாதம் கழித்து, 2017 செப்டம்பரில், அவர்களுக்குத் தனி அறிவிப்பு வந்தது. பட்டியலில் உள்ள கைவினைப் பொருள், பெரும்பாலும் கையால் செய்தது, விற்பனை வரம்புக்குள் இருக்கிறது என்றால் பதிவு வேண்டாம். பான் எண் வேண்டும். சரக்கு எவ்வளவு சின்னதானாலும் இ-வே பில் வேண்டும். மூங்கில் பொருட்கள் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆக, அக்காவின் கூடை பெங்களூர் போகலாம். மிளகும் போகலாம். காப்பித்தூள் போக முடியாது. அது கைவினையும் இல்லை, தோட்டத்து விளைச்சலும் இல்லை. அதையும் பெட்டியில் வைத்தால் அந்த ஸ்டாலுக்கே பதிவு வேண்டியிருக்கும். 1939ன் அந்த 'மட்டும்' இதோ, மில் துணிக்குப் பதில் காப்பித்தூள் வடிவில்.

அப்படியானால் நோட்டீஸ் ஏன் வந்தது? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, சிறு கடைகளுக்கு யுபிஐ வழியாக வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பால், காய்கறி மாதிரி வரியில்லாத சரக்கு விற்றவர்களும் அதில் இருந்தார்கள். சொந்தக்காரர்கள் அனுப்பிய பணத்தையும் விற்பனை என்று எண்ணிவிட்டார்கள் என்று பலர் புலம்பினார்கள். கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியது. பிறகு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அரசு இறங்கி வந்தது.

இதுவும் புதிதில்லை. கணக்கு காட்டாத வியாபாரியின் விற்பனையை அதிகாரியே தன் அறிவுக்கு எட்டியபடி மதிப்பிடலாம் என்று 1939 சட்டத்திலேயே இருந்தது. ஜிஎஸ்டியிலும் அப்படியே இருக்கிறது, பதிவு செய்யாதவருக்கும் சேர்த்து. அன்று அதிகாரி கடையை நோட்டம் விட்டு மதிப்பிட்டார். இன்று அவர் கையில் ரூபாய் பைசா சுத்தமாக ஒரு பட்டியல் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இத்தனையும் படித்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சின்ன வியாபாரியை, விவசாயியை, கைவேலைக்காரரை விட்டுவிடத்தான் சட்டம் எப்போதும் நினைத்திருக்கிறது. ஆனால் 'நான் சின்ன ஆள்தான், இது என் தோட்டத்து மிளகுதான்' என்று காட்ட வேண்டிய வேலையை அன்றும் இன்றும் அவர் தலையில்தான் வைத்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, சாவி ஒரு நோட்டுப் புத்தகம். அது பெரிய வியாபாரியிடம் எப்போதும் இருக்கும். மலையில் கூடை பின்னுகிறவரிடம் இருக்காது.

க்யூஆர் அட்டையை ஒளித்துவைப்பதால் அந்தச் சாவி கிடைக்காது. ரொக்கமாக வாங்கினாலும் அதுவும் விற்பனைதான். யுபிஐ பட்டியல் வந்த பணத்தை மட்டும் எழுதும். அது எந்தச் சரக்குக்கு, யார் தோட்டத்தில் விளைந்தது என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த தடவை மலை ஏறினபோது அக்காவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போனேன். கூடை, மிளகு, தூள் என்று மூன்று பத்தி. கடைக்கு வரும் பணத்துக்குத் தனியாக ஒரு பேங்க் கணக்கு. நம்பிக்கை வராத மாதிரிதான் பார்த்தார்.

"இதை யார் சார் வந்து கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்கலைன்னா நல்லதுதான்க்கா. கேட்டா காட்டலாம்."

பெங்களூருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். போவதாக முடிவு செய்துவிட்டாராம். கூடையும் மிளகும் மட்டும்.