திசையறிந்து உயரம் காணல்

நேராக நட்ட ஒரு கோலும் அதன் நிழலும் நம் நாட்டு வான நூலாரின் முதற் கருவிகள். கோலுக்குச் சங்கு என்று பெயர். அதன் உயரம் 12 அங்குலம் என்பது மரபு. சங்கினைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், நிழலின் நுனி முற்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அதனைத் தொடும். அவ்விரு புள்ளிகளையும் இணைக்கக் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். பகலும் இரவும் சமமாக உள்ள நாளில் நண்பகல் நிழலை அளந்தால் ஊரின் அட்சம் விளங்கும். இம்மட்டில் கணக்கு எளிது.

நிழற்கடிகாரம் அமைக்கப் புகுவோனுக்கு இதனினும் கடியதொரு வினா எழுகிறது. குறித்த ஒரு நாளில், சூரியன் குறித்த ஒரு திசைக்கு வரும்போது வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கும்? அஃது தெரிந்தாலன்றி அத்திசையில் நிழல் எத்தனை அங்குலம் நீளும் என்று தரையில் முன்கூட்டிக் குறிக்க இயலாது.

சூரிய சித்தாந்தம் இவ்வினாவுக்கு ஓரளவே விடை கூறுகிறது. வடகிழக்கு, தென்கிழக்கு முதலிய நான்கு மூலைகளில் சூரியன் நிற்கும்போது மட்டும் உயரம் காணும் வழி அதில் உண்டு. அதனைக் கோணசங்கு என்பர். எத்திசைக்கும் பொருந்தும் பொதுவழியை, 1150ஆம் ஆண்டில் தம் 36ஆம் வயதில் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் பாஸ்கராசாரியார் வகுத்துக் காட்டினார்.

அவ்வழியின் கருத்தைச் சற்று நின்று நோக்குவோம். சூரியனிலிருந்து தரைக்கு ஒரு செங்குத்துக் கோடு இறங்குவதாகக் கொள்க. அதற்கும் சங்கு என்றே பெயர். மாணவரை மயக்கும் இரட்டைப் பெயர்தான், ஆயினும் மரபு அது. அக்கோட்டின் அடி, கிழக்கு மேற்குக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை இருவகையாகக் கணிக்கலாம். சூரியன் உதித்த இடம் நேர்கிழக்கிலிருந்து விலகிய அளவு ஒன்று. உயர ஏற ஏறச் சூரியனின் பாதை தெற்கே சாய்ந்து செல்லும் அளவு மற்றொன்று. முன்னது அன்றைக்கு மாறாதது. பின்னது சங்கின் உயரத்தோடு விகிதமாக வளர்வது. இவ்விரண்டும் சேர்ந்து, அல்லது ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, அவ்விலக்கத்தைத் தரும். திசை தெரிந்திருப்பின், அதே விலக்கம் நேரே அத்திசையின் கோணத்தாலும் கிடைக்கும். இரண்டையும் சமன்செய்து, செங்கோண முக்கோண விதியையும் சேர்த்தால் ஓர் இருபடிச் சமன்பாடு பிறக்கிறது. நிழலளப்போனின் தேவை அவனை இயற்கணிதத்தின் வாயிலிலேயே கொண்டு நிறுத்திவிடுகிறது!

கேரளத்தில் திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி, 1500ஆம் ஆண்டையொட்டி இயற்றிய தந்திர சங்கிரகத்தில் இதனை மேலும் விரித்தார். உயரம், நண்பகலிலிருந்து சூரியன் விலகிய காலம், கிராந்தி, திசை, அட்சம் ஆகிய ஐந்தனுள் எவை மூன்று தெரியினும் எஞ்சிய இரண்டைக் காணலாம். ஐந்தில் இரண்டைத் தேரும் வழிகள் பத்து. ஆகவே பத்து வினாக்கள். அவற்றுள் முதலாவது, நாம் எடுத்துக்கொண்ட வினாவே. அதனை முதலில் வைத்தமை அவர் அதன் அருமையை உணர்ந்ததனால் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னர் ஜேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை இவ்விதிகளுக்குக் காரணங்களையும் விளக்கியது.

இருபடிச் சமன்பாட்டுக்கு இரு விடைகள் உண்டல்லவா? உஜ்ஜயினிக்கு வடக்கே வெகுதூரம் சென்றால் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடலாம். நீலகண்டரின் நாட்டிலோ தள்ள முடியாது. அட்சம் 11 பாகையுள்ள ஊரில் ஜூன் மாதத்து நீண்ட பகலை எடுத்துக்கொள்க. சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை தள்ளி உதிக்கும். பிறகு சிறிது தெற்கே நகர்ந்து, 21 பாகை அளவில் நின்று, மீண்டும் வடக்கே திரும்பும். 22 பாகைத் திசையில் அதன் உயரம் என்ன என்று கணக்கிட்டால், 11 பாகை, 44 பாகை என இரண்டு கிடைக்கும். இரண்டும் மெய்யே. சூரிய நேரப்படி முற்பகல் 6.30க்கு ஒரு முறையும், 8.50 அளவில் மறு முறையும் சூரியன் அத்திசைக்கு வருகிறது. நிழலின் திசையை மட்டும் பார்ப்பவன் இவ்விரு வேளைகளையும் பிரித்தறியான். நீளத்தையும் பார்த்தால் ஐயம் தீரும். முன்னது 60 அங்குலம், பின்னது 12½ அங்குலம்.

இவ்விடர் செங்குத்துக் கோலுக்கே உரியது. 18ஆம் நூற்றாண்டில் ஜெயசிங் மன்னர் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் எழுப்பிய சாம்ராட் யந்திரத்தில் நிழல் தரும் விளிம்பு நேரே நிற்பதில்லை. துருவத்தை நோக்கிச் சாய்ந்து, பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. அவ்விளிம்பின் நிழல் எந்நாளாயினும் அதே வேளையில் வளைந்த மேடையின் அதே கோட்டில் விழும். அங்கே திசையிலிருந்து உயரம் தேடும் வேலையே இல்லை. ஆயினும் ஜெய்ப்பூரில் திசையை அளப்பதற்கென்று திகம்ச யந்திரம் என வேறொன்றையும் அவர் அமைத்தார்.