யக்குஷா-ஏ
எடோ காலத்து ஜப்பானில் கபுகி நடிகர்களை வேடத்தோடு காட்டிய மர அச்சுப் படங்கள். இவற்றை வெறும் நாடக விளம்பரம் என்று ஒதுக்குவதுண்டு. விற்பனைச் சரக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1794இல் ஷராக்கு வரைந்த நடிகர் மூன்றாம் ஒதானி ஒனிஜியின் படம் அதற்குள் அடங்காது. கருத்த அப்பிரகப் பின்னணியில் முன்னே நீட்டிய முகம், இறுகிய வாய், மார்பருகே விறைத்து விரிந்த விரல்கள். பணத்தைப் பறிக்கப் பாயும் அடியாள் எடோபெயும் அவனாக நடிப்பவரும் ஒரே முகத்தில் தெரிகிறார்கள். பெண் வேடக்காரர்களின் ஆண் தாடையையும் ஷராக்கு மறைக்கவில்லை. கோரமான மிகை என்பார்கள். உணர்ச்சியின் உச்சத்தில் உறைந்து நிற்கும் 'மியே' நிலையைக் கொண்டாடும் மேடைக்கு மிகை அந்நியமா என்ன? ஷராக்கு வரைந்தது ஏறத்தாழ பத்தே மாதம், 140க்கு மேற்பட்ட படங்கள். அத்தோடு அவர் சுவடில்லை. நடிகர்களைச் சற்று அழகுகூட்டி வரைந்த தொயோகுனிக்கோ சந்தை நெடுங்காலம் நிலைத்தது.