குட்டி பழகும் இடம்: செனபோனின் குதிரைப் பாடத்துக்கு ஒரு விளக்கவுரை

நூலும் இடமும்

ஏதென்ஸ் நகரத்தவரான செனபோன், சாக்ரட்டீசிடம் பழகியவர். கி.மு. 401-இல் பாரசீகப் பேரரசின் நடுவே தலைவர்களை இழந்து தவித்த பத்தாயிரம் கிரேக்க வீரர்களைக் கடற்கரை வரை நடத்தி வந்த தளபதிகளில் ஒருவர். பிற்காலத்தில் அவர் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறு நூலில் பன்னிரண்டு இயல்கள் உண்டு. அவற்றில் இரண்டாவது, குட்டியைப் பழக்குவது பற்றியது, ஐந்தே பத்திகள். அந்த ஐந்தின் கருத்தையும் என் சொற்களில் முதலில் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம் எழுதுகிறேன்.

இதை ஜொகூரில் இருந்து எழுதக் காரணம் உண்டு. இம்மாநிலத்துக்கும் குதிரைக்கும் உறவு நெருக்கமானது. இன்று மலேசியாவின் மாமன்னராக இருக்கும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் போலோ ஆட்டக்காரர். நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842-இல் தொடங்கிய பந்தயச் சங்கத்தின் கதை அதோடு நிறைவுற்றது. பந்தயம் நின்றாலும் போலோவும் சவாரியும் நிற்கவில்லை. குட்டிகளை யாரேனும் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த 'யாரேனும்' யார் என்பதே இந்த இயலின் உயிரான கேள்வி.

பகுதி 1: பழக்குபவர் யார்

மூலத்தின் கருத்து: குதிரைப்படையில் சேர்பவர்கள் ஊரில் செல்வமும் ஆட்சியில் பங்கும் உடையவர்கள். அவர்களில் இளையவர் தம் உடலையும் சவாரித் திறனையும் வளர்த்துக்கொள்ளட்டும். மூத்தவர் வீடு, நண்பர், அரசியல், போர் ஆகியவற்றைப் பார்க்கட்டும். குட்டியைப் பழக்கும் பொறுப்பை இருவருமே தம் கையில் எடுக்க வேண்டியதில்லை.

விளக்கம்: இதில் செல்வரின் மேட்டிமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நூலாசிரியர் சொல்ல வருவது அதைவிடப் பெரியது. சவாரி செய்யத் தெரிவது வேறு, சவாரிக்கு ஒரு குதிரையை ஆயத்தப்படுத்தத் தெரிவது வேறு. இரண்டாவது ஒரு தனித்தொழில்.

ஏன் என்பதைக் குதிரை கற்கும் முறையே காட்டும். கடிவாள வார் இறுகுகிறது; குட்டி நின்றதும் வார் தளர்கிறது. தளர்ந்த அந்த நொடிதான் பாடம். எந்தச் செயலுக்குப் பின் அழுத்தம் விலகுகிறதோ, அந்தச் செயலையே குட்டி மறுமுறை செய்யும். கை பழகாதவர் வாரை இழுக்கிறார், குட்டி தலையை உதறுகிறது, அவர் பயந்து வாரை விடுகிறார் என்று வையுங்கள். தலையை உதறினால் விடுதலை கிடைக்கும் என்று குட்டி கற்றுவிட்டது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் போதும். கற்றதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும். குதிரையிடம் குற்றமில்லை. அது நன்றாகக் கற்கிற பிராணி. கற்பித்தவர்தான் தவறானதைக் கற்பித்தார்.

பகுதி 2: எழுதிக் கொடுப்பது

மூலத்தின் கருத்து: ஆகவே குட்டியைப் பழக்குநரிடம் விடுவதே முறை. மகனைத் தொழில் கற்க அனுப்பும்போது, திரும்பி வரும்போது அவன் இன்னின்ன அறிந்திருக்க வேண்டும் என்று எழுதி ஒப்படைப்பதுபோல், குட்டிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி பெற வேண்டுமானால் எதைக் கவனிக்க வேண்டும் என்று பழக்குநருக்கு அந்த எழுத்து நினைவூட்டும்.

விளக்கம்: இன்று எழுதினால் பட்டியல் இப்படி அமையலாம்: சேணம் போடும்போது அசையாமல் நிற்பது, லாடம் அடிப்பவரிடம் நான்கு கால்களையும் தருவது, லாரியில் தயங்காமல் ஏறி இறங்குவது, நடை, பெருநடை, ஓட்டம், நிறுத்தம் ஆகியவற்றில் சொன்னபடி கேட்பது, மற்றக் குதிரைகளைப் பிரிந்து தனியே வெளியே போய்வருவது. 'நன்றாகப் பழக்கித் தாருங்கள்' என்ற வாய்ச்சொல்லால் உரிமையாளருக்கும் பழக்குநருக்கும் சண்டைதான் மிஞ்சும்.

மூலம் இங்கே எதைக் கற்பிப்பது என்று எழுதச் சொல்கிறது. எப்போது என்பதைச் சொல்லவில்லை. உரைகாரன் அதைச் சேர்க்கக் கடமைப்பட்டவன். குதிரையின் முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித்தட்டு ஏறத்தாழ இரண்டரை வயதில்தான் மூடுகிறது. சேணமும் ஆளும் அமரும் முதுகெலும்போ ஐந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. முன்பற்கள் இரண்டரை வயது முதல் நான்கரை வயது வரை விழுந்து முளைக்கின்றன. கடைவாயிலும் அதே மாற்றம் நடக்கிறது. அந்தக் காலத்தில் கடிவாளத்தை எதிர்க்கும் குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டுமுன் அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பல நேரம் அது வெறும் வலி.

இவ்விடத்தில் நம் பக்கத்து நூலொன்று துணைக்கு வருகிறது. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் இயல், குட்டிக்குப் பத்தாம் நாளுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மாவும் நெய்யும் பாலும் தொடங்கி, வயதுக்கேற்ற தீனியை அளவோடு வகுத்துச் செல்கிறது. நான்கு அல்லது ஐந்து வயதில்தான் குதிரை முழு வளர்ச்சி பெற்று வேலைக்கு உரியதாகிறது என்று அது முடிக்கிறது. எலும்பின் படம் எடுக்கும் கருவி இல்லாத காலத்தில் கண்டுசொன்ன வயது அது. இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓடவிடும் இக்காலம் அதற்கு முன் தலைகுனிய வேண்டும்.

ஜொகூருக்கென ஒரு வரியும் எழுத வேண்டும். இங்கே போலோவுக்கும் சவாரிக்கும் வரும் குதிரைகளில் பல ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் பிறந்தவை. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கில் இருக்கிறது. குளிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. வியர்த்துத்தான் குதிரை தன் உடலைக் குளிர்விக்கிறது. இந்தப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மூச்சு வாங்கும், உடல் கொதிக்கும், வேலை செய்ய இயலாது. புதிதாக வந்த குட்டிக்கு முதலில் ஊர் பழக வேண்டும், அதன் பிறகே பாடம் பழகும். வேலை முழுவதும் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும்.

பகுதி 3: பசியும் தாகமும் ஈயும்

மூலத்தின் கருத்து: ஆனால் பழக்குநரிடம் போகுமுன்பே குட்டி சாதுவாகவும், கைக்கு அடங்கியதாகவும், மனிதரை விரும்புவதாகவும் இருக்க வேண்டும். இது பெரும்பாலும் வீட்டிலேயே, குதிரை பார்ப்பவனால் ஆகிற காரியம். குட்டி தனித்திருக்கும்போது பசியும் தாகமும் ஈக்கடியும் வர, உணவும் நீரும் நிவாரணமும் மனிதனோடு வருமாறு அவன் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் குட்டி மனிதரை விரும்புவது மட்டுமின்றி அவர்களுக்காக ஏங்கும்.

விளக்கம்: இயலின் திருப்பம் இங்கேதான். பழக்கும் வேலை பழக்குநருடையது என்று சொல்லிவந்த செனபோன், அதில் பெரும்பங்கு அவரிடம் போகுமுன்பே முடிந்துவிட வேண்டும் என்கிறார். முடிப்பவர் லாயத்தில் தீனி வைக்கும் ஆள். நாம் சைஸ் என்று அழைக்கும் குதிரைக்காரர்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குதிரை வண்டிக் காலம் தொட்டுப் பாவியான் தீவினரும் மலாய்க்காரரும் தமிழரும் இந்த வேலையைச் செய்தார்கள். வென்ற குதிரையின் பெயர் தெரியும். உரிமையாளர், சவாரிக்காரர், பயிற்சியாளர் பெயர்களும் அச்சில் வந்தன. விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, குளம்பு கழுவி, குதிரையின் கண்ணையும் காதையும் பார்த்தே அன்றைய நிலை சொன்னவரின் பெயர் அபூர்வமாகவே பதிவாகியது. இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு செல்வர், குட்டியின் மனத்தை ஆக்குகிறவர் அவரே என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் ஓர்மூசிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் சொல்கிறார். பொன் குறைவின்றி இருந்தது. லாயத்தில் கைதான் குறைந்தது.

இனி மூலத்தோடு மாறுபட வேண்டிய இடம். குட்டியைத் தனியே விட்டுப் பசியையும் தாகத்தையும் வரவிடு என்பதை இன்று அப்படியே ஏற்க முடியாது. குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் பிராணி. அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் புண் வரும். ஜொகூர் வெயிலில் தண்ணீரைத் தடுப்பது கொடுமை மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. தனிமையும் தீங்கே, கூட்டத்தில் வளராத குட்டிக்குக் குதிரை மொழியே தெரியாமல் போகும்.

ஈ இன்னும் மோசம். குதிரைகளையும் ஒட்டகங்களையும் வாட்டிய சுரா என்ற நோய்க்குக் காரணமான இரத்த ஒட்டுண்ணியை 1880-இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். கடிக்கும் பெரிய ஈக்கள் அதை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகின்றன. மலேசியாவுக்கும் அந்நோய் புதிதல்ல. ஆகவே இங்கே ஈயைப் பாடத்துக்கான கருவியாக்க முடியாது. சாணத்தை உடனுக்குடன் அகற்றுவதும், வலை கட்டுவதும், விசிறி ஓடவிடுவதுமே முறை.

ஆனால் மாறுபாடு வழியோடுதான், நோக்கத்தோடு அன்று. நல்லதெல்லாம் மனிதன் கையோடு வருகிறது என்று குட்டி அறிய வேண்டும் என்ற கருத்து அசைக்க முடியாதது. பசியை நாம் உண்டாக்கத் தேவையில்லை. தீனி வேளையில் வாளியை வைத்துவிட்டு ஓடாமல் சிறிது நேரம் அருகே நின்றாலே போதும்.

பகுதி 4: தொட வேண்டிய இடங்கள்

மூலத்தின் கருத்து: தொட்டால் குதிரைக்கு மிகவும் இன்பம் தரும் இடங்களைத் தொட வேண்டும். மயிர் அடர்ந்த இடங்களும், ஏதேனும் உறுத்தினால் குதிரை தானாகப் போக்கிக்கொள்ள முடியாத இடங்களுமே அவை.

விளக்கம்: மிகச் சிறிய பகுதி, மிக நுட்பமானதும் இதுவே. குதிரைக்குச் சொறிந்துகொள்ள உதவும் விரல்கள் முன்னங்காலில் இல்லை. வயிற்றை வாயால் எட்டலாம், காதைப் பின்னங்காலால் சொறியலாம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டுக்கு வாயும் எட்டாது, காலும் எட்டாது. அதனால்தான் இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றன் தோள்மேட்டை மற்றது பல்லால் சொறிந்துவிடும். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த இடத்தைச் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவது அளந்து காட்டப்பட்டது. செனபோனிடம் அளக்கும் கருவி இல்லை. பார்க்கும் கண் இருந்தது.

நம்மில் பலர் குதிரையைக் கண்டதும் முகத்தைத் தட்டிக் கொடுப்போம். குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னே அதன் பார்வைக்கு மறைவான இடம் உண்டு. அங்கிருந்து திடீரென வரும் கை அதற்கு அச்சம். பக்கவாட்டிலிருந்து மெல்ல நெருங்கித் தோள்மேட்டில் விரல் வைத்தால், குட்டியின் கழுத்து தாழும், மேலுதடு நீளும், கண் பாதி மூடும். தொடுகைக்கு அது தரும் மறுமொழி அதுதான். பின்னாளில் சேணம் இருக்கப்போவதும் அதே இடத்தை ஒட்டித்தான். அங்கே முன்பே இன்பம் பழகிய குட்டிக்குச் சேணம் அந்நியமாகப் படாது.

பகுதி 5: கூட்டமும் ஓசையும்

மூலத்தின் கருத்து: குதிரை பார்ப்பவன் குட்டியைக் கூட்டத்தின் நடுவே அழைத்துச் செல்ல வேண்டும், எல்லாக் காட்சிகளுக்கும் எல்லா ஓசைகளுக்கும் அருகே கொண்டுபோக வேண்டும். குட்டி எதற்கேனும் மிரண்டால், அதில் அஞ்ச ஏதுமில்லை என்பதை அடித்து உணர்த்தாமல் ஆற்றி உணர்த்த வேண்டும்.

விளக்கம்: ஜொகூரில் இந்தப் பாடத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் சைக்கிள் இரைச்சல், பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை, தைப்பூசத்தில் உறுமி மேளம், சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வெடி, ஜொகூர் பாருவில் சிங்காய் ஊர்வலத்தின் கொடிகள். ஆனால் 'கொண்டுபோக வேண்டும்' என்றதைத் 'தள்ளிவிட வேண்டும்' என்று கொள்ளக்கூடாது. முதலில் தொலைவில் நின்று பார்க்கட்டும். காது அந்தப் பக்கம் திரும்பி, மூச்சு சீராகி, வாயை மெல்லத் தொடங்கிய பிறகே அடுத்த அடி. பழகிய மூத்த குதிரையொன்று பக்கத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

அடி ஏன் கூடாது? பொருளைக் கண்டு மிரண்ட நொடியில் அடி விழுந்தால், பொருளும் வலியும் குட்டியின் நினைவில் ஒன்றாகிவிடும். அடுத்த முறை அதே பொருளைக் கண்டதும் வலி வருமென்று ஓடும். அச்சம் சரிதான் என்று அடித்தவரே சான்று சொன்னதாகிவிடும். இதே நூலின் ஆறாம் இயலும் பதினோராம் இயலும் இக்கருத்தை விரிக்கின்றன: சினத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகாதே, கட்டாயத்தால் செய்வதைக் குதிரை விளங்கிக்கொண்டு செய்வதில்லை, அதில் அழகும் இருப்பதில்லை.

தொகுப்புரை

ஐந்து பகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலிரண்டும் பழக்குநரைப் பற்றியவை. அவர் என்ன செய்வார் என்று அவை சொல்லவே இல்லை. பின் மூன்றும் குதிரைக்காரரைப் பற்றியவை. என்ன செய்ய வேண்டும், எங்கே தொட வேண்டும், எப்படி ஆற்ற வேண்டும் என்ற பாடம் முழுவதும் அவருக்கே. இத்தனை போதும் என்று சொல்லி ஆசிரியர் இயலை முடித்துவிடுகிறார். சேணமும் சவாரியும் அந்த அடித்தளத்தின் மேல் வருவன என்பது அவர் கருத்து.

இதை ஏற்றால், இன்று ஜொகூரில் ஒரு குட்டியை வளர்ப்பவர் செய்ய வேண்டியது தெளிவு. பழக்குநரைத் தேடும் கவனத்தோடு சைஸையும் தேட வேண்டும். நல்லவர் கிடைத்தால் ஆளை மாற்றிக்கொண்டே இருக்காமல் நிலைக்க வைக்க வேண்டும். குட்டி பழகுவது ஒரு மனிதரின் குரலுக்கும் கைக்கும். திறமைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும். எழுதும் ஒப்பந்தத்தில், குட்டி பழக்குநரிடம் இருக்கும் காலத்தில் யார் அதைப் பார்த்துக்கொள்வார் என்று பெயர் குறிப்பிட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும். வெற்றி மேடையில் குதிரை நிற்கும்போது அந்தப் பெயரும் உரக்கப் படிக்கப்பட வேண்டும். செனபோன் தம் குதிரைக்காரரின் பெயரை எழுதாமல் விட்டார், நாம் எழுதலாம்.