ரூக்கி பசங்க தாங்குவாங்களா?

வருசா வருசம் ஏப்ரல்ல என்.எஃப்.எல் டிராஃப்ட் முடிஞ்சதும் இந்தச் சண்டை ஆரம்பிச்சிடும். முதல் வருசப் பையனை டிஃபென்சிவ் பேக்கா நேரா களத்துல இறக்கலாமா, இல்ல ஒரு வருசம் பெஞ்ச்ல உக்கார வைக்கணுமா?

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காத மக்களுக்குச் சுருக்கமா: பந்தை எறியறவர் குவார்ட்டர்பேக். பிடிக்க ஓடறவர் ரிசீவர். அவர் எந்தப் பக்கம் திரும்புவார்னு தெரியாமலே பின்னோக்கி ஓடி மறிக்கிறவர்தான் டிஃபென்சிவ் பேக். ஓரத்துல நின்னா கார்னர்பேக், நடுவுல பின்னாடி நின்னா சேஃப்டி. புது பவுலர் பந்தை வாங்கினதும் பேட்ஸ்மேன் கண்ணு மின்னுமே, அதே மாதிரி குவார்ட்டர்பேக்கும் ரூக்கி நிக்கிற பக்கமாத்தான் எறிவார்.

"தாங்குவாங்க" கட்சியோட பெரிய ஆயுதம் டிக் லேன். விமானத் தொழிற்சாலையில எண்ணெய் வழியற தகடு தூக்கி அலுத்துப்போய், 1952-ல லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனவர். எந்த அணியும் அவரை டிராஃப்ட்ல எடுக்கலை. ரிசீவரா சேர்ந்தவரை டிஃபென்சுக்கு மாத்தினாங்க. அந்த சீசன்ல 12 ஆட்டம், எதிரணிகிட்டேருந்து 14 பந்தைப் பறிச்சார்! ரூக்கி சாதனை மட்டும் இல்லீங்க, மொத்த லீக்குக்கே சாதனை. 2021-லேருந்து சீசனுக்கு 17 ஆட்டம் ஆடியும் அந்த 14 அசையலை.

"அது பழங்காலம்" என்பது எதிர்க்கட்சி வாதம். நியாயம்தான். 1978-ல விதியை மாத்தி, அஞ்சு கெஜம் தாண்டினா ரிசீவரை இடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வேலை இன்னும் கஷ்டமாச்சு.

அதனாலதான் எனக்கு 1981 சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் முக்கியம். முந்தின வருசம் 6 வெற்றி, 10 தோல்வி. பயிற்சியாளர் பில் வால்ஷ், ரோனி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன்னு மூணு ரூக்கிகளைப் பின்வரிசையில இறக்கினார். துணைக்கு டுவைட் ஹிக்ஸ் மட்டும்தான். என்ன தைரியம் சார்! 13 வெற்றி, அப்புறம் சூப்பர் பவுல். 1982 ஜனவரியில டல்லாஸுக்கு எதிரா டுவைட் கிளார்க் எகிறிப் பிடிச்ச டச்டவுனைத்தான் எல்லாரும் பேசுவாங்க. அதுக்கப்புறமும் நேரம் பாக்கி இருந்தது. ட்ரூ பியர்சன் பந்தைப் பிடிச்சுப் பிச்சுக்கிட்டு ஓடினப்போ சட்டையைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினது எரிக் ரைட். 28-27. அந்தக் கை நழுவியிருந்தா கிளார்க் படம் எந்தச் சுவர்லயும் தொங்கியிருக்காது.

ஆனா அதே சீசன் நடுவுல வால்ஷ், சான் டியாகோவிலேருந்து ஃப்ரெட் டீனை வாங்கினார். வேலை, குவார்ட்டர்பேக்கை விரட்டறது. எறியறவருக்கு மூச்சு விட நேரம் இல்லேன்னா பின்னாடி நிக்கிற பையன் ரெண்டு, மூணு செகண்ட் சமாளிச்சாப் போதும். நாம பையனோட வேகத்தை அளந்துக்கிட்டு இதைக் கவனிக்கிறதே இல்லை.

எண்ணிக்கையும் ஏமாத்தும். நியூயார்க் ஜெட்ஸோட சாஸ் கார்ட்னர் 2022-ல ரூக்கியா பறிச்சது வெறும் 2. ஆனாலும் ஆல்-ப்ரோ முதல் அணி; லாட்டுக்கு அப்புறம் அந்த இடத்துக்கு வந்த முதல் ரூக்கி கார்னர்பேக்.

2020-ல ஜெஃப் ஒகூடா மூணாவது ஆளா டெட்ராய்ட் போனார். அந்த வருசம் லீக்கிலேயே அதிகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணி அது. தடுமாறினார், அடுத்த வருசம் கால்ல பெரிய காயம், 2023-ல அட்லாண்டாவுக்கு அனுப்பிட்டாங்க. "பையன் தேறலை"ன்னு சுலபமா எழுதிட்டாங்க. முன்னாடி ஒரு ஃப்ரெட் டீன் இருந்திருந்தா?