கணக்கு எழுத மறுத்தவர்கள்

வலங்கை, இடங்கை என்ற இரு பெரும் சாதிப் பிரிவுகள் என்றாலே சண்டைதான் நினைவுக்கு வரும். அதற்கு ஆதாரமும் உண்டு. சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் 2-ஆம் ஆட்சியாண்டில், 1071 வாக்கில், இராசமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இரு பிரிவாரும் மோதியதில் ஊர் எரிந்தது, கோயிலும் சூறையாடப்பட்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இத்தகைய மோதல்களின் தடயம் தேடித்தான் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். 1918-ஆம் ஆண்டு அறிக்கையில் கிடைத்ததோ நேர்மாறான செய்தி.

விருத்தாசலம் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டின் காலம் 1429. விசயநகரத்தில் இரண்டாம் தேவராயன் ஆண்ட சமயம். வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி எடுத்த முடிவை அது பதிவு செய்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் இராசகரத்தார், அதாவது அரசு அதிகாரிகள். சீவிதக்காரர், அதாவது பணிக்கு ஈடாக நில வருவாய் பெற்றவர்கள். கூடவே காணியாளர், அதாவது பரம்பரை நில உரிமை கொண்ட பிராமணரும் வேளாளரும்.

இங்கே ஒரு சிக்கல். பிற்காலப் பட்டியல்கள் வேளாளரை வலங்கையின் தலைமையில் வைக்கின்றன. இந்தக் கல்லிலோ வேளாளக் காணியாளர் எதிரணியில் நிற்கிறார்கள். பின்னாளைய பட்டியலை 15-ஆம் நூற்றாண்டுக்கு அப்படியே பொருத்தினால் கல்வெட்டின் பொருள் கெட்டுவிடும். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இதுபோன்ற கல்வெட்டுகளைச் சாதிப் பூசலாகப் பார்க்காமல், உழைப்பவர்களுக்கும் காணியாளர், அதிகாரிகளுக்கும் இடையிலான சமூக மோதலாகப் படித்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

முடிவு என்ன? கொடுமை செய்தவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது. அவர்களுக்காக யாரும் கணக்கு எழுதக் கூடாது. மீறிக் காட்டிக்கொடுப்பவனைக் குத்திவிட வேண்டும். கடைசி விதிதான் முதலில் கண்ணை இழுக்கிறது. ஆனால் கூர்மையானது நடுவில் உள்ளதே. எந்த நிலத்தில் எவ்வளவு விளைந்தது, யார் பாக்கி என்பது ஏட்டில் ஏறாவிட்டால் வரியை எதை வைத்துக் கேட்பது? படைபலம் இல்லாதவர்கள் எழுத்தாணியை நிறுத்தினார்கள். நிர்வாகத்துக்கு எங்கே வலிக்கும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

ஆனாலும் ஓர் ஐயம் விடவில்லை. தற்செயலாக ஒரே நாளில் கூடிய இரு கூட்டமா, பேசி வைத்துச் சேர்ந்தவர்களா? விடை கொள்ளிடத்துக்குத் தெற்கே, சோழநாட்டுக் கொறுக்கையில் கிடைத்தது. அதுவும் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. விளைச்சலுக்கு ஏற்ப விதிக்காமல் அநியாயமாக வரி போட்டதால் ஊரைவிட்டு ஓட இருந்ததாகவும், தாங்கள் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நேர்ந்தது என்று உணர்ந்ததாகவும் அதைப் பொறித்த இரு பிரிவாருமே சொல்கிறார்கள். நியாயமான வரியைக் கொடுப்போம் என்றும் சேர்க்கிறார்கள். ஆகவே இது வரிமறுப்பு அல்ல. விகிதத்தைப் பற்றிய வழக்கு. ஆற்றின் இரு கரையிலும் ஒரே ஆண்டில் ஒரே குறை எழுந்திருப்பதால் தற்செயல் என்ற வாதம் வலுவிழக்கிறது.

இரு பிரிவுக்கும் சொல்லப்படும் 98 என்ற எண்ணை மட்டும் நான் தலைக்கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இரு பக்கமும் சரியாக 98 சாதிகள் இருந்தன என்பதைவிட, எல்லோரும் அடக்கம் என்று சொல்லும் மரபு எண்ணாகவே அது தோன்றுகிறது.

இதைச் சமரசம் எனலாமா? பழைய பகையை மறந்தோம் என்ற பேச்சு இந்தத் தீர்மானங்களில் இல்லை. பகை தீர்ந்துவிடவும் இல்லை: 1707-இல் சென்னைப்பட்டினத்தில் இரு கையாரும் மறுபடி மோதி, வலங்கையார் பலர் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் தாமஸ் பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் என ஒதுக்கித் தீர்வு தேடினார். அங்கே அரசு நடுவராக நின்றது. விருத்தாசலத்தில் அரசின் ஆட்களே எதிர்த்தரப்பு.