இருமலின் வரலாறு – 7: வீடா, சானடோரியமா?

சென்ற வாரம் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நிறுத்தியிருந்தோம். கணித மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் சௌரி முத்து, 1928-ல் அங்கே காசநோய்க்கென ஒரு சானடோரியம் தொடங்கினார். சுத்தமான காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. அன்றைக்கு இருந்த வைத்தியம் அவ்வளவுதான். நோயைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே இல்லை.

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது. ஆனால் கண்டுபிடிப்பு வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் எழுத்தாளர் புதுமைப்பித்தனைக் காசநோய் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 42. அதற்கு நான்கே ஆண்டு கழித்து, 1952-ல், ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது.

மாத்திரை வந்ததும் புதிய கேள்வி ஒன்றும் முளைத்தது. மாத்திரையே நோயைத் தீர்க்குமென்றால் சானடோரியம் எதற்கு? ஏழை நாடுகளில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ சில ஆயிரம். வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியாவிட்டால், பெரும்பாலோருக்கு வைத்தியமே கிடையாது என்று பொருள்.

விடை தேடும் வேலை சென்னைக்கு வந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. அதை நடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர்.

நகரத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. டாக்டரின் சிபாரிசோ நோயாளியின் ஆசையோ செல்லுபடியாகவில்லை. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே: ஐசோனியாசிட்டும் பாஸ் (PAS) என்ற இன்னொரு மருந்தும், ஓராண்டுக்கு.

மற்றதெல்லாம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சானடோரியத்தில் வேளா வேளைக்கு நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு. வீட்டிலிருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு, கூலி வேலை. வாரம் ஒருமுறை மையத்துக்குப் போய் மருந்து வாங்கி வரவேண்டும். விழுங்குவது அவரவர் பொறுப்பு. இவர்கள் தேறுவார்களா?

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்துக்காரர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் கிருமியை ஒடுக்கியது மருந்துதான் என்பது தெளிவாயிற்று.

எதிர்ப்பாளர்களிடம் இன்னொரு அஸ்திரம் பாக்கியிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவி, பிள்ளைகள் கதி என்ன? அதற்குப் பதில் சொல்ல, இரு தரப்புக் குடும்பங்களையும் ஐந்தாண்டுகள் விடாமல் கண்காணித்தார்கள். வீட்டிலேயே வைத்தியம் பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு அது வேகமாகக் குறைகிறது. ஆபத்து மருந்து சாப்பிடும் நோயாளியிடம் இல்லை, பரிசோதனைக்கே போகாத இருமலில் இருந்தது.

இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் திசையை மாற்றியது. மலாயாவும் 1961-ல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று மலேசியாவில் சாதாரணக் காசநோய்க்காரர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார கிளினிக்கில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. பிறகு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. வீட்டில் இருந்தபடியே வைத்தியம் பெறலாம் என்ற அந்த உரிமையை உலகுக்கு நிரூபித்துத் தந்தவர்கள் பெயர் தெரியாத சென்னை ஏழைகள்.

ஆனால் இன்று பல நோயாளிகள் தாதியின் கண்முன்னே மாத்திரையை விழுங்குகிறார்களே, அது ஏன்?

அதன் வேரும் சென்னையில்தான் இருக்கிறது. மைய ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிகளின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்தார்கள். வாயால் ‘சாப்பிட்டேன்’ என்று சொன்ன சிலரைச் சிறுநீர் காட்டிக்கொடுத்தது! இருமல் நின்று உடம்பு தேறியதும் மருந்தை விட்டுவிடுவது மனித சுபாவம். பிழைத்த கிருமி அந்த இடைவெளியில்தான் மருந்தையே எதிர்க்கப் பழகுகிறது. ஆயிரக்கணக்கானோரை வீட்டில் வைத்துக்கொண்டு, தினமும் விழுங்குகிறார்களா என்று யார் பார்ப்பது? சென்னை டாக்டர்கள் துணிச்சலான ஒரு யோசனைக்கு வந்தார்கள். மருந்தை ஏன் தினமும் கொடுக்க வேண்டும்? வாரத்தில் இரண்டே நாள், எங்கள் கண்ணெதிரே கொடுத்தால்?

அது பலித்ததா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் – இவற்றில் ஏதாவது வீட்டில் யாருக்கேனும் இருந்தால், கிளினிக்குக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மருந்து தொடங்கியவர்கள் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

(தொடரும்)