மேடைக்கு ஏது தீட்டு?

இசைவிழாவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! "வித்துவானுக்குத் தொண்டை கட்டிவிட்டது, மிருதங்கம் சுருதி சேரவில்லை, ஒலிபெருக்கி பாதியிலே ஊமையாயிற்று, காசு கொடுத்துக் கவலை வாங்கி வந்தோம்" என்பார் ஒருவர். "அன்றிரவு கச்சேரி முடிந்துவிட்டது, ஆனால் காதிலே இன்னும் முடியவில்லை" என்பார் மற்றொருவர்.

இரண்டும் இயல்பு. தொண்டை கட்டியதால் வந்த ஏமாற்றத்தைச் சுக்கும் மிளகும் தீர்த்துவிடும். ஆனால் வேறோர் ஏமாற்றம் உண்டு. பாடுபவர் குரல் இனிமையாகவே இருக்கும், கேட்பவர் உள்ளமும் உருகவே செய்யும், மேடைதான் நோயுற்றிருக்கும்! அந்த நோய்க்குச் சுக்கு போதாது. அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஓசூரிலிருந்து தொடங்குகிறோம். காரணம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவிலே உலவும் ஊர் அது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தமிழகத்தோடு நின்றது. 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டையிலே சக்கரம் சுழல்கிறது, கைக்கடிகாரம் உருவாகிறது, பார வண்டி பிறக்கிறது. எல்லையைக் கடந்தால், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே சாமராசப்பேட்டையில், இராமசேவா மண்டலி 1939-இல் தொடங்கிய இராமநவமி இசைவிழா பெரும்புகழ் பெற்றது.

அத்தகைய விழாவுக்கு ஓசூர்த் தொழிலாளர் இருவர் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தாய்மொழி தெலுங்கு, மற்றவருக்குத் தமிழ். மேடையிலே தியாகராசரின் கீர்த்தனை. முன்னவர் பொருள் உணர்ந்து கண்ணீர் மல்குகிறார். பின்னவரும் தலையசைக்கிறார், இராகம் அவரையும் தொட்டது. ஆனால், "என்ன பாடினார் ஐயா?" என்று கேட்டால் விழிக்கிறார்! முன்னவர் பெற்ற முழு இன்பத்தைப் பின்னவரும் தம் மொழியிலே பெறவேண்டாமா? வேண்டும் என்றதுதான் தமிழிசை இயக்கம். தெலுங்கின்மீது அதற்குப் பகை இல்லை. ஓசூர்த் தெருவிலே வாழ்பவர்க்கு இதை விளக்கவும் தேவையில்லை.

பெங்களூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய அம்மையார் ஒருவர் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபிலே பிறந்தவர். தியாகராசரைக் குருவாகக் கொண்டவர். திருவையாற்றிலே அவர் மறைந்த இடம் கவனிப்பாரற்றுக் கிடப்பது கேட்டு மனம் வெதும்பினார். ஊரார் வீட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. தாம் பாடிச் சேர்த்த பொருளைக் கொட்டினார். 1925-இல் அங்கே நினைவாலயம் எழும்பிற்று.

ஆலயம் எழுப்பியவர் பாடினாரா? அங்கேதான் வேடிக்கை! ஆண்டு விழா நடத்திய ஆடவர் குழுக்கள், பெண்களுக்கு இடமில்லை என்றன. கல் அவருடையது, காசு அவருடையது, பக்தியும் அவருடையது. குரல் மட்டும் கூடாதாம்! அம்மையார் அழுதுகொண்டு வீடு திரும்பினாரா? இல்லை. பெண்களைத் திரட்டினார், 1927-இல் ஆலயத்தின் பின்புறத்திலேயே பெண்கள் விழாவை நடத்திக் காட்டினார். முன்புறத்திலே விதி முழங்கிற்று. பின்புறத்திலே இசை முழங்கிற்று! 1940-இல் குழுக்கள் இணைந்தன. பெண்களுக்கும் பொது மேடை கிடைத்தது.

பெண்ணுக்குத் திறந்த கதவு தமிழுக்குத் திறந்ததா? 1941-இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. அரசர் அண்ணாமலையார் பொருள் வழங்கினார். தமிழ்ப் பாட்டை நிகழ்ச்சியின் கடைசியிலே துக்கடாவாகத் தூவும் வழக்கம் மாறவேண்டும் என்ற குரல் வலுத்தது. எதிர்ப்பும் எழுந்தது, எழுந்தும், 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று.

இந்தச் சூழலிலே வந்தது 1946. திருவையாற்றுத் தியாகராசர் விழா. மேடையேறினார் தண்டபாணி தேசிகர். ஓதுவார் மரபிலே வந்தவர். 1942-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திலே நந்தனாராகத் தோன்றி நாடெங்கும் அறிமுகமானவர். பாடினார். தமிழிலே பாடினார்! விநாயகரைப் போற்றும் பாட்டுத்தான், நாத்திகப் பாட்டன்று. அடுத்து மேடையேறவேண்டியவர் அரியக்குடி இராமானுச அய்யங்கார். தமிழ் ஒலித்ததால் மேடை தீட்டுப்பட்டது என்று கூறி அவர் பாட மறுத்தார் எனச் செய்தி பரவிற்று. ஈரோட்டிலே 'குடிஅரசு' ஏட்டின் துணையாசிரியராயிருந்த இளைஞர் கலைஞர் கருணாநிதி, "தீட்டாயிடுத்து" எனத் தலைப்பிட்டுச் சுடச்சுட எழுதினார். ஒரு விழாவின் சலசலப்பு நாட்டின் வழக்காயிற்று.

மறுபக்கத்தார் சொல்வதையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது பகுத்தறிவாகாது. "அது தியாகராசர் விழா, அங்கே அவர் பாடல்களைத்தான் பாடவேண்டும் என்பது மரபு" என்பர். இருக்கட்டும். மரபு மீறப்பட்டது என்றால், 'மரபு மீறப்பட்டது' என்று சொல்லலாமே! 'தீட்டு' என்ற சொல் எங்கிருந்து வந்தது? சங்கத்தின் விதிப் புத்தகத்திலிருந்தா? அன்று, தோழர்களே! சேரியையும் தெருவையும் பிரித்த அகராதியிலிருந்து வந்தது அந்தச் சொல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அரியக்குடியார் எளிய கலைஞரல்லர். இன்றைய கச்சேரி முறைக்கே வடிவம் கொடுத்தவர். ஆண்டாளின் திருப்பாவைக்கு இசையமைத்தவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்குப் புது மெருகேற்றியவர். தமிழ் அவர் நாவுக்குப் பழக்கமே! அப்படியானால், ஒரு மேடையிலே தேனான தமிழ் இன்னொரு மேடையிலே தீட்டாவதேன்? இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். குற்றம் ஒருவர் நாவிலே மட்டும் இல்லை. எந்த இடம் யாருக்கு, எந்த மொழி எந்த வாசல்வரை என்று கோடு கிழித்து வைத்த ஏற்பாட்டிலே இருக்கிறது. பெண்ணைப் பின்புறம் நிறுத்தியதும் அந்தக் கோடுதான். தேசிகரின் தமிழைத் தீட்டாக்கியதும் அதுவேதான்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவின் தலைநகரிலே, 1939-இல், கருப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குக் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தைத் தர மறுத்தது அதை வைத்திருந்த மகளிர் சங்கம். குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூசுவெல்ட் அந்தச் சங்கத்தினின்றும் விலகினார். ஏப்ரல் 9-ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டிலே நின்று பாடினார் ஆண்டர்சன். கேட்டவர் 75,000 பேர்! மண்டபத்துக்குள் பாடியிருந்தால் சில ஆயிரம் பேர் கேட்டிருப்பர். 1943-இல் அதே மண்டபம் அவரை அழைத்துப் பாடச் செய்தது.

கதவை அடைத்தவர்கள் நினைத்தது ஒன்று; நடந்தது வேறொன்று. திருவையாற்றிலே 1946-இல் எத்தனையோ பேர் பிழையின்றிப் பாடியிருப்பர். அவர்களில் எத்தனை பேரை நாடு நினைவில் வைத்திருக்கிறது? தேசிகரின் ஒரு பாட்டை வைத்திருக்கிறது! 1952-இல் மறைந்த நாகரத்தினம்மாளுக்கோ, அவர் எழுப்பிய ஆலயத்தின் அருகிலேயே நினைவிடம் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட அம்மையார் இன்று அந்த விழாவின் வரலாற்றிலிருந்து ஒதுக்கமுடியாதவர்.

ஆகவே, ஓசூர்த் தோழர்களே, கிருட்டிணகிரித் தோழர்களே! உங்கள் ஊரிலும் விழா நடக்கும். தெலுங்குப் பாட்டு ஒலிக்கட்டும். கன்னடப் பாட்டு ஒலிக்கட்டும். தமிழ் தலைநிமிர்ந்து ஒலிக்கட்டும். பாட்டுச் சுவைக்கவில்லையென்றால், சுவைக்கவில்லை என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மேடைக்குப் போகும் படியிலே எவரையேனும் நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நிறுத்தியிருந்தால், அதைக் கேளுங்கள். பிறகு பாட்டைக் கேட்கலாம்!